கந்தோருக்குப் போன சட்டத்தரணியார்

தென்மராட்சியிலே பலாவுக்கும் மாவுக்கும் எத்துணைச் செழிப்போ அத்துணைச் செழிப்பு வழக்குகளுக்கும் உண்டென்பதைச் சாவகச்சேரி நீதிமன்ற வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார். அந்தச் செழிப்பை நம்பிக் கண்டி வீதியோரத்தில் ஒரு சிற்றறையும், அறைக்குள் ஒரு மேசையும், மேசைக்கு முன்னால் ஒரு வாங்கும், வாங்குக்குப் பக்கத்தில் ஒரு கிளாக்கரும் வைத்துக்கொண்டு தனி இராச்சியம் பரிபாலித்துவரும் ஓர் இனத்தார் இங்கே உளர். தகப்பனார் காலத்தில் இவர்களுக்குப் பிறக்கிராசிமார் என்று பெயர். இவர்களுக்கு மேலே அப்புக்காத்துமார் என்றொரு மேற்குலம் இருந்தது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் இரு குலத்தாரையும் கலந்து, யாவரையும் சட்டத்தரணிகள் ஆக்கிவிட்டது. சாதியொழிப்புக்காக எத்தனையோ மேடைகள் கட்டிய நம் தேசத்தில், ஒரே இரவில் சாதி ஒழிந்த ஸ்தலம் நீதிமன்றம் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்; அதுவும் உடையில் ஒழிந்ததேயன்றி நடையில் ஒழிய மேலும் ஒரு தலைமுறை சென்றது.

அந்த இனத்திலிருந்து அண்மைக்காலத்தில் கிளைத்த ஓர் உபபிரிவைப் பற்றியே இங்கே பிரஸ்தாபிக்கப் போகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய வேளையில் தனித்தொழிலை இழுத்துமூடிவிட்டு, கொழும்பிலே பெரிய சட்ட நிறுவனமொன்றில் மாதச் சம்பளத்துக்குப் போய்ச் சேருகின்ற சட்டத்தரணியாரே அவர்.

தனித்தொழில் நடத்திய காலத்தில், "நான் ஒருத்தருக்குக் கீழயும் வேலை செய்யிறவனில்லை" என்று இவர் கலியாணவீடு செத்தவீடு பாராமல் சொல்லிவந்தார். இவர் தம் ஆயுளில் அளித்த வாக்குமூலங்களுள் குறுக்கு விசாரணைக்கு ஒரு நிமிடமேனும் நின்றுபிடிக்காதது இதுவேயாகும். விடிந்தும் விடியாமலும் இவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கையிலே, "ஐயா நிக்கிறாரோ?" என்று படலையைத் தள்ளிக்கொண்டு நுணாவிலிலிருந்து ஒருவர் வந்துவிடுவார், வந்தவர் போகும்வரை முகங் கழுவ அனுமதியில்லை. நீதிமன்றத்தில் நீதவான் குறித்த தவணையே தவணை. இவர் நொத்தாரிசுமாகையால், முன்னைய மாதத்து உறுதிகளின் இணைப்பிரதிகளை ஒவ்வொரு மாதமும் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் சேர்ப்பித்துவிட வேண்டுமென்று நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இவருக்காக உத்தரவு பிறப்பித்து வைத்திருந்தது. இவர்கள் எல்லோருக்கும் மேலான சர்வாதிபதி கிளாக்கர். தகப்பனாரிடமும் இருந்தவர் என்ற உரிமையால், எந்தக் கோவை எந்த அலுமாரியில் கிடக்கிறதென்ற தேவரகசியத்தைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கோபம் வந்த நாட்களில் "அது தேடவேணும்" என்ற இரண்டு சொல்லால் இராச்சியத்தை ஸ்தம்பிக்கச் செய்துவிடுவார். ஆகவே எசமானர் இல்லாதவர் என்று தம்மைக் கருதிய நம்மவருக்கு, கைதடி தொடக்கம் மிருசுவில் வரையில் கண்டவர் எல்லாம் எசமானர்.

அவ்வெசமானர்களுள் மட்டுவில் ஆச்சி ஒருத்தியை மட்டுமாவது வாசகர் சந்திக்கத்தான் வேண்டும். ஆச்சியின் விவகாரம் வேலி விவகாரம். பூவரசங் கதியால்களில் சில, மாரிகாலத்து இருள் இரவொன்றில், அயலவருடைய காணியின் அபிவிருத்தியை உத்தேசித்து ஒரு முழம் இடம்பெயர்ந்துவிட்டன என்பது வழக்கு. தவணை உள்ள நாளும் இல்லாத நாளும் ஆச்சி வருவாள். வந்தால் முதலில், "அம்மான்ர முழங்கால் நோ எப்படி, தம்பி?" என்பாள், பிறகு காலஞ்சென்ற தன் கணவர் நட்ட பனைகளின் விருத்தாந்தம், பிறகு எதிராளியின் தாய்வழிப் பாட்டனார் யாருடைய சீதனக் காணியை எப்படி எழுதுவித்தார் என்ற புராணம், வாங்கை விட்டு எழும்புகையில், போகிற போக்கில், வேலி. பீசைப் பற்றி இவர் வாய் திறக்க ஆயத்தமாகும்போதே, "காசுக்கென்ன தம்பி, வழக்கு முடியட்டும்" என்று சொல்லி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு சரை மட்டுவிற் கத்தரிக்காயை மேசைமேல் வைத்துவிடுவாள். வழக்கோ முடிகிற சாதியன்று; இரு பக்கத்தாருக்கும் ஊரில் அந்தஸ்து தந்துகொண்டிருந்த ஒரு வழக்கை முடித்துவைக்க எவருக்குத்தான் மனம் வரும்?

மாம்பழக் காலத்தில் மாம்பழமும், பலாப்பழக் காலத்தில் பலாப்பழமும், பஞ்ச காலத்தில் ஒடியலுமாக வந்த இந்த வருமானத்தில் குடும்பம் நோய்நொடியின்றி வாழ்ந்ததென்னவோ உண்மைதான். ஆனால் மூத்த மகளுக்கு மெல்போர்னிலே இடங் கிடைத்தபோது, கட்டணத்தைப் பலாப்பழமாக ஏற்றுக்கொள்ளும் சர்வகலாசாலை இன்னும் ஸ்தாபிக்கப்படவில்லை என்ற விஷயத்தை இவருடைய பாரியார் எடுத்துரைத்தார். பாரியாரின் வாதத்துக்கு எதிர்வாதம் இருக்கவில்லை.

கொழும்பு நிறுவனங்கள் நேற்று முளைத்தவை அல்ல. எவ். ஜே. அன்ட் ஜீ. டி சேரம் 1841இலும், ஜூலியஸ் அன்ட் கிறீசி 1879இலும் தோன்றியவை. தேயிலைத் தோட்டமும் கப்பலும் வங்கியும் அத்தகைய கந்தோர்களின் வாசலால் நடந்து சென்றே இலங்கைக்குள் வேரூன்றின. அந்த உலகத்துக்குச் சாவகச்சேரியில் கதியால் வழக்குப் பேசிய ஒருவர் எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். காரணம் தேசவழமை. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தத் திசாவை 1707ஆம் ஆண்டு எழுதிக்கொடுத்து, பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரிபார்த்து, ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் சட்டமாக நிலைநிறுத்திய நம்முடைய தேசவழமையிலே முதுசொம் வேறு, சீதனம் வேறு, தேடியதேட்டம் வேறு. பங்குக்காணியை விற்க நினைப்பவர் அந்நியனிடம் போகுமுன் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவிக்கவேண்டுமென்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. காணிச் சொந்தக்காரரோ இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறார்கள். அற்றோணித் தத்துவங்கள் ஆகாயமார்க்கமாக வந்து இறங்குகின்றன. பங்குச் சந்தையின் விதிகளைத் தூக்கத்திலும் ஒப்புவிக்கும் கொழும்பு இளைஞர்கள், "இரண்டு லாச்சம் வரகு ஏழு குழி, கிணற்றில் 48இல் ஒரு பங்கு, வழிவாய்க்கால் பாத்தியம் உட்பட" என்ற உறுதியைக் கண்டதும் மேசையை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். இந்தச் சந்தர்ப்பத்திலேதான் நம்மவருக்கு அழைப்பு வந்தது.

அறையைப் பூட்டிச் சாவியைக் கிளாக்கரிடம் கொடுத்துவிட்டு யாழ்தேவியில் ஏறினார். கோட்டைப் புகையிரத நிலையத்தில் கால் வைத்த கணத்திலேயே இவருடைய மகிமையில் பாதி கழிந்துவிட்டது. நொத்தாரிசு நியமனம் எல்லைக்குட்பட்டது. எவருடைய கையொப்பத்தால் தென்மராட்சியில் நிலங்கள் கைமாறினவோ, அவருடைய கையொப்பம் கொழும்பிலே சாப்பாட்டுக் கடைப் பற்றுச்சீட்டுக்கு மாத்திரமே செல்லுபடியாகும். மிச்சப் பாதியைக் கந்தோர்க்காரர் பார்த்துக்கொண்டனர். பட்டி மாட்டுக்கு மணி கட்டியதுபோல் கழுத்திலே ஓர் அட்டையைத் தொங்கவிட்டனர். அது இல்லாமற் கதவு திறக்காது. மகளின் வயதையொத்த சட்டத்தரணிப் பெண்பிள்ளை ஒருத்தி, மிகுந்த மரியாதையோடு, "அங்கிள், உங்கட சீற் அங்க" என்று காட்டினாள். முப்பது வருஷமாக ஐயாவாக இருந்தவர் மூன்று நிமிஷத்தில் அங்கிளானார்.

முதல் வாரத்தில் ஒரு படிவம் வந்தது. நிறுவனத்தின் விவகாரங்களில் சம்பந்தப்பட்ட எவரேனும் தமக்கு உறவினராக இருப்பின் விபரந் தருக என்று கேட்டிருந்தனர். ஒரு கந்தோர் ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் வேலை செய்துவிடக் கூடாதென்ற நியாயமான முன்னெச்சரிக்கைதான். ஆனால் சாவகச்சேரியிலே எதிராளி உறவினனாக இல்லாத வழக்கு ஒன்று நடக்குமாயின் அதற்கு ஊரார் போய்ப் பார்க்கவும் மாட்டார்கள். நம்மவர் படிவத்தின் இரு பக்கத்தையும் நிரப்பி, மேலதிகத் தாள்கள் கேட்டு வாங்கி, அவையும் போதாமையால் ஈற்றில் இவ்வாறு எழுதிக் கையொப்பமிட்டார்: "வரணி நீங்கலாகத் தென்மராட்சி முழுவதும். வரணி, மனைவி வழியில்."

அடுத்து வந்தது நேரக் கணக்கு. ஒரு மணித்தியாலத்தைப் பத்தாகப் பிளந்து, ஆறு நிமிஷத்தை ஓர் அலகாக வைத்து, எந்த அலகை எந்தக் கட்சிக்காரருக்குச் செலவிட்டோமென்று எழுதும் இவ்வித்தையை உலகுக்கு உபகரித்தவர் பொஸ்ரன் நகரத்து ரெஜினால்ட் ஹீபர் சிமித் என்பார். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அளித்த சங்கத்தை நடத்தி, 1919இலே ஏழைகளின் நீதியைப் பற்றி ஒரு நூலும் எழுதிய அதே புண்ணியவான், பின்னர் ஒரு பெரிய நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்து நேரக்குறிப்பை வளர்த்து, 1940இல் அதனைக் கட்டுரைகளாகவும் வெளியிட்டார். ஏழைகளின் நேரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் இருந்து பட்ட பாடுதான் இப்படி முடிந்ததோ என்னவோ!

நம்மவர் முதல் நாள் காலை எட்டரைக்கு வந்து இரவு ஏழுக்குப் போனார். கணக்கை மிக நேர்மையாக எழுதினார்: தேநீரைக் கழித்தார், யோசனையைக் கழித்தார், யன்னலால் பார்த்துக்கொண்டு யோசித்ததை இரு தடவை கழித்தார். முடிவில் எஞ்சியது ஒரு மணி ஆறு நிமிஷம். பக்கத்து மேசைப் பையன், அதே நாளில், ஒன்பது மணி இருபத்துநாலு நிமிஷம் எழுதியிருந்தான். நிறுவனத்தின் மூத்த பங்காளர் மறுநாட் காலையில் வந்து, தோளில் கையை வைத்து, "எல்லாம் பழகும்" என்றார். ஊரெல்லாம் எசமானராய் இருந்த காலத்தில் ஒருவரையும் எசமானராக உணராத நம்மவருக்கு, எசமானர் ஒருவரேயான அந்தக் காலையிலேதான் அடிமைத்தனம் இன்னதென்று உறைத்தது.

சில மாதங்களின் பின் ரொறன்ரோவிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் வந்தார். மீசாலையிற் பிறந்தவர், நாலு பரப்புக் காணியை விற்கவேண்டும். நம்மவரின் குரலைக் கேட்டதும், "நீங்கள் எங்கட பக்கமோ?" என்றார். அவ்வளவுதான். யார் செத்தார், யார் யாரை முடித்தார், வாசலிலே நின்ற கறுத்தக்கொழும்பான் இன்னும் காய்க்கிறதோ என்று சம்பாஷணை விரிந்தது. மாமரத்தைச் சுற்றிய பேச்சு அம்மையாரின் மூத்த அண்ணரில் வந்து நின்றது. அண்ணர் காலமாகிவிட்டார், அவருக்கு நோர்வேயில் ஒரு மகன் உண்டு, முதுசொத்தில் அவனுக்கும் பங்கு சேரும். கந்தோருக்கு வந்த கடதாசிகளில் இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவனுக்கு அறிவியாமல் விற்றிருந்தால், வாங்கியவரும் விற்றவரும் சாவகச்சேரி நீதிமன்றத்தின் நிரந்தரப் பிரஜைகள் ஆகியிருப்பார்கள்.

பேச்சு ஐம்பத்துநாலு நிமிஷம். நம்மவர் மனச்சாட்சியைக் கலந்தாலோசித்து, காணி என்ற சொல் அடிபட்ட பன்னிரண்டு நிமிஷத்தை மட்டும் எழுதினார். பங்காளர் தொலைபேசிப் பதிவை ஒத்துப்பார்த்து, "மிச்சம் எங்க?" என்றார்.

"மிச்சம் ஊர்க்கதை, சேர்."

"நோர்வேப் பிள்ளை எதுக்குள்ளால வந்தவர்?"

"ஊர்க்கதைக்குள்ளாலதான்."

"அப்ப அதையும் எழுதுங்கோ."

ஐம்பத்துநாலு நிமிஷத்துக்கும் பில் போயிற்று. அம்மையார் மறுபேச்சின்றிப் பணத்தை அனுப்பியதோடு, இனி அந்த ஐயாவோடு மாத்திரமே கதைப்பதாகவும் எழுதியிருந்தார். கொழும்பில் நம்மவர் மீண்டும் ஐயாவானது இவ்விதம். அன்றிரவு வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து சாவகச்சேரிக்கு அழைப்பெடுத்து, நடந்ததையெல்லாம் கிளாக்கருக்கு ஒப்புவித்தார். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "ஆறு நிமிசத்துக்கு எவ்வளவு எண்டனீங்கள்?" என்று ஒரு குரல். தொகையை இவர் சொன்னார். கடதாசி புரட்டும் ஓசையும் பென்சில் கீறும் ஓசையும் கேட்டன.

"ஐயா, மட்டுவில் ஆச்சின்ர கணக்கை மட்டும் போட்டுப் பாத்தன். ஆச்சின்ர காணியையும் எழுதுவிச்சு, அடுத்த காணியையும் வேலியோட எழுதுவிச்சாலும், எங்களுக்குப் பிறகும் வரவேண்டிக் கிடக்கு."