பொடியை விடு மாப்ள, பாக்கியைப் பிடி

மாப்ள, இங்கிட்டு வந்து உக்காரு. சினிமா எடுக்கப் போறியாமுல்ல? அதுவும் போதைப்பொருள் யாவாரப் படம். கையில காசு கம்மி, கதை பெருசுன்னு டீக்கடை வரைக்கும் சேதி வந்துருச்சு. எம் மகளுக்கு நீ போன்ல அனுப்புன கதையை அவ எனக்கு வாசிச்சுக் காட்டுனா. மொதப் பக்கத்துல ஒரு குடோன். குடோனுக்குள்ள நீல வெளிச்சம். மேசை மேல வெள்ளைப் பொட்டலம் அடுக்கி வெச்சிருக்கு. கோட்டுப் போட்ட ஒருத்தன் மெதுவா நடந்து வாறான், அவன் நடந்து முடிக்கவே ரெண்டு பக்கம் ஆகுது. காசில்லாம படம் எடுக்க வாறவன்ல பாதிப்பேரு இதைத்தான் எடுக்குறான். மைதா மலிவாக் கிடைக்குதுங்கிற ஒரே காரணத்துக்காக கொக்கைன் படம் எடுக்குறானுகளோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

கோவிச்சுக்கிடாத. எனக்கு சினிமா தெரியாது. கமிஷன் மண்டியில கணக்கெழுதிக் கை தேஞ்சவன் நான். எவன் எவனுக்கு எம்புட்டுத் தரணும், என்னைக்குத் தரணும், தரலைன்னா மொதலாளி மூஞ்சி எப்படி மாறும், இம்புட்டுத்தான் நமக்குத் தெரிஞ்ச வித்தை. அதை வெச்சே சொல்றேன். டென்மார்க்குல ஒருத்தன் இதே சங்கதியை எடுத்துருக்கான். 'புஷர்'னு பேரு, 1996-ல வந்தது. எடுத்தவன் நிக்கோலஸ் விண்டிங் ரெஃபன். படம் கொட்டகைக்கு வந்தப்போ அவனுக்கு 26 வயசுகூட முடியலை. கீழ ஓடுற இங்கிலீஸை எம் மகதான் வாசிச்சுச் சொன்னா. கெட்ட வார்த்தை வந்தா மட்டும் "ஏதோ திட்டுறான்ப்பா"ன்னு தாண்டிருவா. படத்துல பாதி நேரம் ஏதோ திட்டிக்கிட்டேதான் இருக்கானுக.

கதையைக் கேளு. கோபன்ஹேகன்ல ஃபிராங்க்குன்னு ஒரு பய. ஹெராயின் விக்கிறவன், பெரிய ஆளும் இல்லை, ரொம்பச் சின்ன ஆளும் இல்லை. மிலோங்கிற செர்பியாக்காரனுக்கு ஏற்கெனவே பாக்கி வெச்சிருக்கான். ஜெயில்ல கூட இருந்த பழைய கூட்டாளி ஒருத்தன் பெரிய ஆர்டரோட வாறான். கையில காசு இல்லை. உடனே நம்ம ஆளு மிலோகிட்டயே போயி, இன்னும் கொஞ்சம் சரக்கு கடனுக்குத் தூக்குறான். கைமாத்துற நேரத்துல போலீசு வந்துருது. ஓடுறான், ஏரியில விழுறான், சரக்கைத் தண்ணிக்குள்ளயே கொட்டிப்புட்டான். ஒரு நாள் உள்ள வெச்சுப் பாத்துட்டு, கையில ஒண்ணும் சிக்கலைன்னு வெளிய விட்டுட்டாக. கோர்ட்டுக்கு அவன் மேல வழக்கு இல்லை. மிலோவோட பேரேட்டுலதான் ரெண்டு பாக்கியும் ஒண்ணாச் சேந்து குந்தியிருக்கு.

இம்புட்டுத்தான் மாப்ள படம். மிச்சமெல்லாம் வசூல். ஒரு வாரக் கதை. திங்கள், செவ்வாய்னு கிழமையைத் திரையில போட்டுப் போட்டுக் காட்டுறான். தவணைச் சீட்டு வாங்குனவனுக்குத்தான் அந்த எழுத்தோட சூடு தெரியும். வியாழக்கிழமைன்னு வந்தப்போ எனக்கே அடிவயிறு கலங்கிப்போச்சு.

நீ எழுதுன கதையில எல்லாரும் பணம் எண்ணுறான், ஒருத்தனும் பாக்கி வெக்கலை. அங்கதான் தப்பு. மண்டியில சரக்குப் போச்சுன்னா ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். கையெழுத்து இருக்கும். தகராறு வந்தா நாலு பெரிய மனுசன், அதுக்கும் மேல கோர்ட்டு. இந்த யாவாரத்துல சீட்டு எழுத முடியாது, எழுதினா அதுவே சாட்சி. களவு போச்சுன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்க முடியாது. சரக்கு ஏரியில போச்சுன்னு நெசத்தைச் சொன்னாலும் மேல இருக்கிறவனுக்கு நம்பிக்கை கிடையாது. நெசம், பொய் ரெண்டும் அவனுக்கு ஒண்ணுதான், காசு வரணும். அதுனால கடன் மேல இருந்து கீழ இறங்குது. மிலோ ஃபிராங்க்கை நெருக்குறான், ஃபிராங்க்கு தனக்குத் தரவேண்டியவனை நெருக்குறான், அவன் நெருக்க ஆளில்லாத அடிமட்டத்துல கிடக்கான்.

அந்த அடிமட்டத்தைக் காட்டுறதுக்கு ஒரு இடம் வெச்சிருக்கான். வசூலுக்குத் துணையா மிலோ ஒருத்தனை அனுப்புறான், பேரு ரதோவன். நல்ல மனுசன் கணக்காப் பேசுறான். எனக்கு இந்தத் தொழில் பிடிக்கலை, ஒரு ஓட்டல் வைக்கணும்னு ஆசைங்கிறான். ஃபிராங்க்கும் தலையாட்டிக்கிட்டே கூடப் போறான். ரெண்டு பேருமாப் போயி, ஊசிப் பழக்கத்துல கெட்டுப்போன ஒருத்தன் வீட்டுல நிக்கிறாங்க. அவன்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. ரதோவன் அவன் கையில துப்பாக்கியைத் திணிச்சு, போயிக் கொள்ளையடிச்சாவது கொண்டாங்கிறான். அவன் அந்தத் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பிக்கிட்டான். ஓட்டல் வைக்க ஆசைப்பட்ட மனுசன் மூஞ்சி அதுக்குப் பெறகு எப்படி மாறுதுன்னு பாரு. பின்னணியில பாட்டும் இல்லை, மெதுவா நடக்குறதும் இல்லை.

இன்னொண்ணு. ஆம்ஸ்டர்டாம்லேருந்து ஒரு பொண்ணு மூலமா சரக்கு வருது, இது வந்தா எல்லாக் கடனும் தீந்துரும்னு ஃபிராங்க்கு காத்துக்கிட்டு இருக்கான். வந்ததைப் பிரிச்சுப் பாத்தா கேக்குல போடுற மாவு! பாத்தியா, அங்கயும் மாவுதான். ஆனா ரெஃபன் மாவை மாவுன்னே காட்டிட்டான். நீ மட்டும் ஏன்டா மெனக்கெட்டு அதைக் கொக்கைன்னு நம்பவைக்கப் பாக்குற?

மிலோவா நடிச்ச ஸ்லாட்கோ பூரிச் பொறந்தது குரோயேசியாவுல, டென்மார்க்குக்குப் போய்ச் சேந்தவரு. அவரைப் பாத்துக் கத்துக்க. கோட்டும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. சமையல்னா உசிரு. ஃபிராங்க்கைச் செல்லமாப் பேரு சொல்லிக் கூப்பிடுறாரு, விருந்தாளியாட்டம் உக்கார வெச்சுப் பேசுறாரு. சத்தம் போடுறவன்கிட்ட பயப்பட மாட்டேன் மாப்ள. 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேக்குற கடன்காரன்கிட்டதான் எனக்குக் கை நடுங்கும். அந்த வேசத்துக்கு டென்மார்க்குல போடில் விருது கொடுத்தாக. ஃபிராங்க்கு கூடவே சுத்துற டோனியா வாறவன் மேட்ஸ் மிக்கெல்சன். இன்னைக்கு உலகமே தெரிஞ்ச நடிகன்; அன்னைக்கு அதுதான் அவனுக்கு மொத முழுநீளப் படம், அதுக்கு முந்தி வருசக்கணக்கா நாட்டியம் ஆடிக்கிட்டு இருந்தவன். ஃபிராங்க்கா வந்த கிம் போட்னியா முகத்துல வேர்வை வடியிறதை வெச்சே கடன் எம்புட்டு ஏறிருக்குன்னு நான் கணக்குச் சொல்லிருவேன்.

செலவு கேக்குறியா? 32 லட்சம் குரோனர். மொதல்ல ரெஃபன் இதையே குறும்படமா எடுத்து, தானே நடிச்சு, ஏதோ ஒரு கேபிள் டி.வி.யில ஓடி, அதைப் பாத்துட்டுத்தான் அந்தக் காசு வந்தது. காசு வரவும், இடம் கிடைச்சிருந்த சினிமாப் பள்ளிக்கூடத்தை வேண்டாம்னுட்டான். இதைக் கேட்டுட்டு நீ அரியர் எழுதாம நிக்கலாம்னு நினைக்காத. அவுகப்பா ஆண்டர்ஸ் ரெஃபன் பேர்பெத்த எடிட்டர், ஆத்தா போட்டோ பிடிக்கிறவுக. வீட்டுல சோத்துக்கு முந்தி பிலிம்தான் இருந்திருக்கும். உங்கப்பன் போர்வெல் லாரி வெச்சிருக்கான். கணக்குல இதையும் சேத்துக்க.

கேமராவைத் தோள்ல தூக்கிக்கிட்டே எடுத்துருக்கான் மோர்ட்டன் சோபோர்க்குங்கிறவன். டிராலி வாடகை மிச்சம், அதோட ஃபிராங்க்கு ஓடுறப்போ நமக்கும் மூச்சு வாங்குது. ஆனா ஒரு எடத்துல ரெஃபன் கஞ்சப்படலை. படத்தை மொதக் காட்சியிலேருந்து கடைசிக் காட்சி வரைக்கும் வரிசையாவே எடுத்தான். வரிசையா எடுத்தா ஒரே வீட்டுக்கு மூணு தரம் போகணும், செலவு கூடும், மேனேஜர் திட்டுவான். நடிகனுக்கு மட்டும் கிழமை ஏற ஏற நெசமாவே அலுப்புத் தட்டிப்போகும். காசில்லாதவன் எதுல பிடிக்கணும், எதுல விடணும்கிறதுக்கு இதைவிட எனக்குச் சொல்லத் தெரியலை.

உன் ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கியே ராபர்ட் ரோட்ரிகஸ், அவன் சங்கதி வேற ரகம். 'எல் மரியாச்சி', 1992. மெக்சிகோ எல்லையில சியுடாட் அக்குனாங்கிற ஊரு, அங்க ஒரு போதைக் கும்பல் தலைவன், கிடார் பெட்டி மாறிப்போன ஒரு அப்பாவிப் பாட்டுக்காரன். கையில இருந்தது 7,000 டாலர். அதுலயும் ஒரு பங்கு எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா? கொலஸ்டிரால் மருந்து ஒண்ணை மனுசன் மேல சோதிச்சுப் பாக்க ஆள் தேடுனாக. இவன் போயிப் படுத்துக்கிட்டான். அங்கயே படுத்துக்கிட்டுக் கதையும் எழுதுனான். பக்கத்துல படுத்திருந்த பீட்டர் மார்குவார்ட்டுங்கிறவனையே வில்லனாவும் போட்டுட்டான். அவனுக்கு ஸ்பானிஷ் தெரியாது, படமோ ஸ்பானிஷ். போதை மருந்துப் படத்துக்கு மொதலு மருந்துலேருந்தே வந்திருக்கு, பாத்துக்க.

டிராலிக்குச் சக்கர நாற்காலி. துப்பாக்கி அந்த ஊரு போலீசுகிட்ட இரவல். நெசத் துப்பாக்கியில வெத்துத் தோட்டா ஒண்ணு வெடிச்சா அடுத்தது சிக்கிக்கிடும். அதுனால ஒத்த வெடியா வேற வேற பக்கம் நின்னு எடுத்து, ஒட்டி, படபடன்னு சுடுற மாதிரிக் காட்டுனான். நல்ல கெட்டிக்காரத்தனம்தான். ஆனா நம்ம பயலுக எல்லாம் அந்த 7,000-த்தை மட்டும் மனப்பாடமா வெச்சிருக்கானுக. கொலம்பியா கம்பெனி வாங்குன பெறகு, கொட்டகைக்கு ஏத்த மாதிரி பெரிய பிலிமுக்கு மாத்தி, சத்தத்தைச் சரிபண்ணி, அதைப்போலப் பல மடங்கு கொட்டுனதை எவனும் சொல்லமாட்டான். 1993-ல சன்டான்ஸ்ல பாத்தவுக ஓட்டுப் போட்டுப் பரிசும் கொடுத்தாக. என்னைக் கேட்டா, அது ஓடிப்பிடிச்சு விளையாடுற படம். சிரிச்சுப் பாக்கலாம். பாத்துட்டுத் தூங்கிரலாம். ஃபிராங்க்கு படம் பாத்தா தூக்கம் வாறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

இப்ப நெசமான வேடிக்கையைக் கேளு. ரெஃபன் 2003-ல 'ஃபியர் எக்ஸ்'னு இங்கிலீஸ்ல ஒரு படம் எடுத்தான். படுத்துருச்சு. கம்பெனி திவாலு, கழுத்துமுட்டக் கடன். கடன்காரனைப் பத்திப் படம் எடுத்தவன் கடன்காரனாயி நிக்கிறான்! என்ன செய்வான்? பழைய சரக்கைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்தான். 2004-ல 'புஷர்' ரெண்டாம் பாகம், 2005-ல மூணாம் பாகம். இந்தக் கூத்து பூராத்தையும் 'கேம்ப்ளர்'னு ஒரு டாக்குமெண்டரியாவே எடுத்துவெச்சிருக்காக.

கடனுக்குப் பயந்து எடுத்ததுன்னாலும் ரெண்டும் சோடை போகலை. ரெண்டாவதுல டோனி ஜெயில்லேருந்து வாறான், பின்மண்டையில மரியாதைன்னு பச்சை குத்திக்கிட்டு. அவனுக்கு அந்த மரியாதையைத் தவிர எல்லாம் கிடைக்குது. மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. மிலோவுக்கு வயசாயிப்போச்சு. மகளுக்கு 25-வது பிறந்தநாள், ஐம்பது பேருக்கு அவரே சமைக்கணும். போதைப் பழக்கத்தை விடுறதுக்குன்னு கூட்டத்துக்கும் போயிட்டு வாறாரு. ஹெராயின் கேட்டிருந்த எடத்துல வேற மாத்திரை வந்து நிக்கிது, அதுக்கு வெலைகூட அவருக்குத் தெரியலை. அவர் சமைச்சதைத் தின்ன ஆளுகளுக்கு வயித்தாலே போயி அம்புட்டுப் பேரும் படுத்துக்கிட்டாங்க. சின்னப் பசங்க ஏறி மிதிக்கிறானுக. கடைசியில கொலை வரைக்கும் போயி, பொணத்தை அப்புறப்படுத்த ஆள் வேணும். யாரைக் கூப்பிடுறாரு? ரதோவனை. அவன் தொழிலை விட்டுட்டு, மொதப் படத்துல சொன்ன மாதிரியே ஓட்டல் வெச்சு ஒழுங்கா இருக்கான். பழைய மொதலாளி கூப்பிட்டதும், முகத்துல ஒரு கோவமும் இல்லாம, வந்து வேலையை முடிச்சுக் கொடுக்குறான். அந்த வேலையை எம் மக பாக்கலை, எந்திரிச்சுப் போயிட்டா. நான் கண்ணை மூடித் தொறந்து பாத்தேன்.

2012-ல லண்டன்ல வெச்சு மொதப் படத்தைத் திரும்ப எடுத்தாக, மிலோ மட்டும் அதே பூரிச்தான். காசு கூட, மினுக்கும் கூட, வேர்வை கம்மி. அதை நீ பாக்கவேண்டாம், ஏன்னா உனக்கு அதுதான் பிடிக்கும்.

ஃபிராங்க்கு மொதப் படத்துல பல வருசமாப் பாக்காத ஆத்தா வீட்டுக்குப் போறான். நலம் விசாரிக்கவா போறான்? காசுக்குத்தான். அந்தம்மா வீட்டுல இருக்கிறதை எடுத்துக் கொடுக்குது. அது கடன்ல ஒரு மூலைக்குக் காணாது. அது ரெண்டு பேருக்கும் தெரியுது. பேச்சும் ரொம்ப இல்லை. உங்க ஆத்தாகிட்ட, அதான் எந் தங்கச்சிகிட்ட, ரெண்டு வளையலை நீ கேக்கப்போறன்னு எனக்குச் சேதி வந்துருச்சு. அதெல்லாம் வேண்டாம். படத்துக்கு மொதல் நான் தாரேன். எழுத்தும் வேண்டாம், சீட்டும் வேண்டாம், மாமன் மாப்ளைக்குள்ள எதுக்கு அதெல்லாம்? வட்டி மட்டும் மொதத் தேதிக்கு மொதத் தேதி வந்துரணும். குடோன் காட்சியை அடிச்சுப்புட்டு, கதையை எடுத்துக்கிட்டு நாளைக்கு ராத்திரி வீட்டுக்கு வா. வெள்ளாட்டுக் கறி எடுத்து நானே குழம்பு வெக்கிறேன். சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்.