நமுத்த வெடி: ஓர் ஆய்வு முன்வரைவு

விருதுநகர் மாவட்டத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவருக்குத் தலைப்பு தேடும் தொல்லை கிடையாது. ‘சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்பது தயாராகக் காத்திருக்கும். ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தேவையான தலைப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வினாத்தாளோடு போய் நின்றால், வேலையில் இருக்கும் அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: “எம்.பில்.லத்தான் 2022லயே எடுத்துட்டாங்களே. அப்ப நீங்க பி.எச்டி.யா தம்பி?” பதில் சொல்பவருக்கே ஆய்வு முறையியல் அத்துப்படியான களத்தில் புதிதாக எதைக் கேட்பது?

ஆகவே இவ்வாய்வு யாரும் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறது: நமுத்த வெடி. (தொடாததற்குக் காரணம் உண்டு. தொடக் கூடாது.)

முதலில் கருதிய தலைப்பு ‘பட்டாசு’. கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று 1920-களில் ஊர் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடாரில் தொடங்கி, பேரியம் தடைவரை எழுதி முடிப்பதற்குள் ஆய்வாளருக்கு ஓய்வூதியம் வந்துவிடும். ‘வெடிக்காத பட்டாசு’ என்று சுருக்கினோம். அதுவும் கடல். ‘எங்கள் தெருவில், தீபாவளியன்று, பற்றவைத்தும் வெடிக்காத லட்சுமி வெடி’ என்று வந்து நின்றபோதுதான் அது கேள்வியாயிற்று.

அணுகுமுறைக்கு வருவோம். அளவுசார் ஆய்வு எத்தனை வெடி நமுத்தது என்று எண்ணும். பண்புசார் ஆய்வு, நமுத்தபோது சித்தப்பாவின் முகம் எப்படிப் போனது என்று விசாரிக்கும். சோதனை முறைக்கு ஒரே கட்டு வெடியைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மொட்டை மாடியில் காயவைத்து, மறு பாதியை அப்படியே கொளுத்த வேண்டும். சிக்கலெல்லாம் உற்றுநோக்கலில்தான். திரி அணைந்துவிட்டதா, யோசிக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் வேறு யாருடைய ஆய்விலோ ஒரு எண்ணாகிவிடுவார். முன்னோடி ஆய்வின்போது ஆச்சி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தரவு முழுவதையும் அழித்தார். நெறிமுறைக் குழு ஆச்சி பக்கமே நின்றது.

களத் தேர்வில் ஒரு முரண் உண்டு. சிவகாசியில் இத்தொழில் வேரூன்றக் காரணமே வறண்ட வானிலை. மருந்தும் திரியும் வெயிலில் சடசடவென்று காய்கிற பூமி. மழை வந்தால் வேலை நின்றுவிடும். வெடி அங்கே நமுப்பதில்லை. லாரி ஏறிச் சென்னைக்குப் போய், ஐப்பசி அடைமழையில் கட்டிலுக்கடியில் கிடந்து ஈரம் ஏறிய பிறகே திரி பாதி வழியில் அணைகிறது. ஊர்ப் பெயர் தலைப்பில் இருந்தால் வழிகாட்டி உடனே கையெழுத்திடுவார் என்று களம் தேர்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மாதிரியெடுப்புக்கு உகந்தது சரவெடி: ஒரே திரியில் ஆயிரம் மாதிரிகள். ஆனால் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சரவெடிக்குத் தடை விதித்துவிட்டது. எனவே ஒற்றை ஒற்றையாகத்தான் கொளுத்தியாக வேண்டும். அதற்கும் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் தரப்படும் நேரம் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழு விதி. அப்படியானால் மொத்தக் களப்பணி ஆறு மணி நேரம். அதிலும் மழை பெய்யாத தீபாவளிகளைக் கழித்துக்கொள்ள வேண்டும்.