பென்டிரைவ் தம்பி

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு பென்டிரைவ் தம்பி இருந்தே தீருவார். நாற்பது வயதைத் தாண்டியும் அவர் தம்பிதான். 'சார்' என்று கூப்பிட்டுவிட்டால் ரிப்பேருக்குக் காசு கொடுக்க வேண்டிவருமே!

அவர் சாவிக்கொத்தில் வண்டிச் சாவி இருக்கிறதோ இல்லையோ, 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று தொங்கும். அதற்குள் விண்டோஸ் 10, 11, உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஹார்ட் டிஸ்க்கைக் கூறுபோட ஜிபார்ட்டெட், ரேமுக்கு நாடி பார்க்க மெம்டெஸ்ட் என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கும். ரூஃபஸ் என்ற மென்பொருளின் காலத்தில் ஓஎஸ்ஸுக்கு ஒரு பென்டிரைவ் வைத்து, பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியவர் அவர். 2020இல் வென்டாய் என்ற மென்பொருள் வந்தது. அதை ஒரு தடவை பென்டிரைவில் ஏற்றிவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி பண்ணிப் போட்டால் போதும். பூட் ஆகும்போது மெனு வந்து நிற்கும். அந்த மெனுவைப் பார்ப்பதற்கென்றே வாரம் ஒருமுறை பூட் பண்ணுவார்.

கல்யாணப் பந்தியில் மூன்று இலை தள்ளி யாராவது "லேப்டாப் கொஞ்சம் ஸ்லோ" என்று முனகினால் போதும், பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவார். டெல்லுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9 என்று பூட் மெனு விசைகள் தலைகீழ்ப் பாடம். சொந்த வண்டியின் நம்பரைத்தான் போனில் போட்டோ பார்த்துச் சொல்வார்.

2025இல் நமக்கெல்லாம் அக்டோபர் 20ஆம் தேதி தீபாவளி. அவருக்கு 14ஆம் தேதியே வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் அது. மறுநாள் காலை, ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் ஆஜர்.

"உங்க மெஷின்ல டிபிஎம் 2.0 இல்ல சார், 11 ஏறாது. மின்ட் போட்டுத் தர்றேன், பறக்கும்."

"பென்ஷன் கணக்கெல்லாம் எக்செல்ல இருக்கே, தம்பி?"

"லிப்ரே ஆபீஸ்ல திறக்கும் சார்."

"சாலிடேர்?"

"போட்டுக்கலாம் சார்."

"அதே சீட்டுக்கட்டு வருமா?"

தம்பி வாயடைத்துப்போன ஒரே தருணம் அது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பேத்தியின் போட்டோக்களைத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்தாமல் 'இன்ஸ்டால்' பட்டனைத் தொடவே மாட்டார். செக்யூர் பூட் குறுக்கே நின்று, பாதுகாப்புச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி நீலத்திரை காட்டும்போது வாத்தியாருக்கு வியர்க்கும்; தம்பிக்கோ முகம் மலரும்.

இத்தனை ஓஎஸ் வைத்திருப்பவரின் சொந்த லேப்டாப் எப்போதும் பாதி இன்ஸ்டாலில் கிடக்கும். வீட்டுக் கரண்ட் பில் மனைவியின் போனிலிருந்துதான் போகும்.

அவரை நடுங்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, அந்தப் பென்டிரைவைக் கொஞ்சம் தர்றியா? ஜெராக்ஸ் கடையில காதுகுத்துப் பத்திரிகை பிரிண்ட் எடுக்கணும்." கடைக் கம்ப்யூட்டரில் என்ன வைரஸோ, கடைக்காரர் ஃபார்மேட் அடித்துவிட்டால் என்ன கதியோ! "வாட்ஸ்ஆப்ல அனுப்புங்கக்கா, நானே எடுத்துட்டு வர்றேன்" என்று கிளம்புவார். போன இடத்தில் விண்டோஸ் 7 ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிடுவார்.

சாயங்காலம் கடையில் உபுண்டு ஓடும். பத்திரிகை வராது, பிரிண்டர் டிரைவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.