இதர 1.00

போகிக்காகப் பரணை ஒழித்தபோது அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. 1974-ஆம் வருடத்து நோட்டு. பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் அதன் கீழே 'லாபம்' என்ற சொல்லும் எழுதியிருந்தார். கும்பகோணத்தில் குமாஸ்தா உத்தியோகம், வீட்டில் நான்கு பிள்ளைகள். எந்த வழியில் லாபம் வரும் என்று எதிர்பார்த்தாரோ தெரியவில்லை.

இடப்பக்கம் வரவு. சம்பளம் என்று ஒரு பெரிய வரி, அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ சில வரிகள். வலப்பக்கம் செலவு, மூச்சுவிட இடமில்லை. கீரை 0.10. தீப்பெட்டி 0.10. செருப்புக்கு வார் தைத்தது 0.25. 'பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டதற்குப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் 0.75.' அந்தப் பெரியவன் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. நான் பிழைத்து எழுந்ததற்குக் குடும்பத்துக்கு ஆன செலவு முக்கால் ரூபாய் என்பதை இத்தனை வருஷம் கழித்து எழுத்துமூலம் தெரிந்துகொண்டேன்.

இத்தனை துல்லியத்துக்கு நடுவில் ஒரு விநோதம். மாதத்தில் இரண்டு மூன்று இடங்களில் 'இதர 1.00' என்று மொட்டையாக ஒரு வரி. கால் ரூபாய் வாருக்குக் காரணம் எழுதுகிறவர், முழு ரூபாய்க்குக் காரணம் எழுதவில்லை. அப்பாவுக்கு வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது, ஓட்டல் காபிகூடக் கிடையாது. பிறகு என்ன 'இதர'?

அந்த வருடம் லேசான வருடமல்ல. 1972-இல் மழை பொய்த்தது, அடுத்த ஆண்டு எண்ணெய் நாடுகள் கச்சா எண்ணெய் விலையை ஏற்றின. இரண்டும் சேர்ந்து 1974-இல் விலைவாசி ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் ஏறியது. போதாததற்கு, ஜூலையில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, புதிதாக ஏறும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைத்தது. ஜனங்கள் கையில் காசு இருந்தால்தானே செலவழிப்பார்கள், விலை ஏறும் என்பது அதன் நியாயம். அப்பா அதைத் தினசரியில் படித்துவிட்டு, "நம்ம கையில காசு இருக்குன்னு டெல்லியில யாரோ சொல்லியிருக்கான்" என்றார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "எந்தக் கைன்னு கேளுங்க" என்றாள்.

அம்மாவின் நிதி நிர்வாகம் டப்பாக்களில் நடந்தது. துவரம்பருப்பு டப்பாவில் பள்ளிக்கூடச் சம்பளம், வெந்தய டப்பாவில் பால் பணம், கடுகு டப்பாவில் ஆபத்துக்கு. ஒரு டப்பாக் காசு இன்னொன்றுக்குப் போகாது. கடுகு டப்பாவில் இருபது ரூபாய் தூங்கிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில் இரண்டு ரூபாய் கைமாற்று வாங்கிப் பால்காரருக்குக் கொடுப்பாள். "கடுகு டப்பாவுல இருக்கே" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "அது வேற பணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பணம் எல்லாம் ஒரே பணம்தான் என்கிறது பொருளாதாரம். மனிதர்கள் அப்படி நினைப்பதில்லை, மனத்துக்குள் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அப்பாவின் சிக்கனம் காலில் இருந்தது. காலையில் அலுவலகத்துக்கு டவுன் பஸ், பத்துப் பைசா. சாயங்காலம் நடை. மகாமகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு, சாரங்கபாணி கோயில் வழியாக வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நடந்ததால் மாதம் இரண்டரை ரூபாய் மிச்சம். நடந்ததால் பிய்ந்த செருப்புக்கு ஆன கூலி அதே பக்கத்தில் நான்கு இடங்களில் இருக்கிறது. அதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது வேறு பணம்.

இப்போது என் வீட்டுக்கு வருவோம்.

நங்கநல்லூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. நானும் மனைவியும் ஓய்வூதியத்தில். மகனும் மருமகளும் மென்பொருளில். விலைவாசியைப் பற்றிப் பேசாத நாளே இல்லை. "எப்படிங்க ஜனங்க குடும்பம் நடத்துறாங்க?" என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். நாங்கள் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசு இல்லை. நல்ல திட்டம், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற எத்தனையோ பெண்களுக்கு அது மாதச் சம்பளத்தில் கணிசமான பாகம். என் மனைவிக்கும் அந்தத் திட்டம் பிடிக்கும். தி.நகர் போக வேண்டுமென்றால், காசு வாங்குகிற பஸ் இரண்டு மூன்று காலியாக வந்தாலும் ஏறமாட்டாள். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று பிங்க் பஸ்ஸில்தான் போவாள். கட்டணம் மிச்சமாகிற சந்தோஷத்தில், அங்கே ஆடித் தள்ளுபடியில் மூன்று புடவை எடுப்பாள். மூன்று புடவையோடு பஸ்ஸில் வர முடியுமா? ஆட்டோவில் வருவாள். போன ஆடியில் ஆட்டோவுக்கு முந்நூறு. நான் முகத்தைச் சுளித்ததும் சொன்னாள்: "போகும்போது ஒரு பைசா செலவில்லீங்க."

மகன் ரகம் வேறு. அவனுக்குக் கடை கைப்பேசியில் இருக்கிறது. ஒருநாள் காபிக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது. கீழே அண்ணாச்சி கடை. இறங்கிப்போனால் ஐந்து நிமிடம். "வேணாம்ப்பா, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று கைப்பேசியைத் தடவினான். ஒரு கிலோ சர்க்கரைக்கு டெலிவரிக்குத் தனியாக முப்பது ரூபாய் கேட்டது. இருநூறு ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசமாம். முப்பது ரூபாயைத் தண்டமாகக் கொடுக்க அவன் என்ன ஏமாளியா? ஒரு பாக்கெட் பாதாம், ஒரு சிப்ஸ், எலுமிச்சை வாசனையில் பாத்திரம் கழுவும் திரவம் என்று சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு ஆக்கினான். பை வந்தது. உள்ளே எல்லாம் இருந்தது. சர்க்கரை மட்டும் இருப்பு இல்லையாம், பணம் திரும்ப வந்துவிட்டது. நான் கீழே இறங்கிப்போய் அண்ணாச்சியிடம் வாங்கி வந்தேன். அவர் கொசுறாகக் கருவேப்பிலை கொடுத்தார்.

மேல் வீட்டுக்காரரைச் சொல்லாவிட்டால் கணக்குத் தப்பும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றார்கள். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். தெரு முனையில் நிறுத்தி, வெயில் தாங்காமல் மனைவியைக் குளிர்பதனத்தோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு, தான் வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கி வந்தார். லிப்டில் பையைத் தூக்கிக் காட்டி, "அம்பது ரூபா மிச்சம் சார்" என்றார். வண்டி எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த வகையில் எனக்கே பழைய பாக்கி ஒன்று இருக்கிறது.

2017 ஜூன் மாதத்துக்கு முன்பு பெட்ரோல் விலை தினமும் மாறாது. நள்ளிரவு முதல் உயர்வு என்று இரவுச் செய்தியில் சொல்வார்கள். அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறப்பேன். ஊரே பங்க்கில் நிற்கும். அரைமணி நேரம், வண்டியை அணைத்தும் கிளப்பியும் நகர்த்தி, மூன்று லிட்டர் போட்டுக்கொண்டு வருவேன். லிட்டருக்கு எழுபத்தைந்து பைசா வீதம் இரண்டேகால் ரூபாய் லாபம். வீடு திரும்பும் வழியில், அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட களிப்பில், எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வருவேன். தினசரி விலை மாற்றம் வந்த பிறகு அந்த இரவுகள் போயின, ஐஸ்கிரீமும் போயிற்று.

தங்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1974-இல் ஒரு பவுன் சுமார் நானூறு ரூபாய். அப்பா நகைக்கடை வாசலில் நின்று, "இந்த விலைக்கு எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்று பவுன் லட்சத்தைத் தாண்டிவிட்டது. எவன் வாங்குவான் என்ற கேள்விக்கு விடை, உள்ளே நுழைய முடியாத கூட்டமாக நிற்கிறது. தக்காளி ஏறினால் குறைத்து வாங்குகிறோம். தங்கம் ஏறினால் விழுந்தடித்துக்கொண்டு வாங்குகிறோம். ஆயிரம் இறங்கினாலோ, "இன்னும் இறங்கட்டும்" என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். அட்சய திருதியை அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பஞ்சாங்கத்துக்கு மட்டும் தெரிந்த நாள். இப்போது அன்று அரை கிராமாவது வாங்காவிட்டால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்கிறாள் மருமகள். போன வருடம் அப்படி வாங்கிய காசுக்குச் செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போக மிஞ்சிய தங்கத்தைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

இவை எல்லாவற்றையும் ஒரே வார்த்தைதான் நடத்துகிறது என்று வெகுநாளாக எனக்கு ஒரு சித்தாந்தம். மிச்சம். அம்மா காலத்தில் மிச்சம் என்றால் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். இன்று மிச்சம் கடை ரசீதின் அடியில் அச்சாகி வருகிறது: 'இன்று நீங்கள் மிச்சப்படுத்தியது ரூ. 412'. இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு சம்பாதித்த முகத்தோடு வெளியே வருகிறோம். அப்பா இருந்திருந்தால் இந்த ஏமாற்றுக்கு ஒருநாளும் மயங்கியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்போடுதான் நோட்டை மறுபடி புரட்டினேன்.

இந்த முறை பூதக்கண்ணாடியை வைத்து, வரவுப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்.

'நடை. பஸ் மிச்சம் 0.10.' மறுநாள், 'நடை. பஸ் மிச்சம் 0.10.' மழை பெய்த நாளில் மட்டும் இல்லை. செலவழிக்காத பத்துப் பைசாவை அப்பா வரவில் எழுதியிருக்கிறார்! யாரும் கொடுக்காத காசு, எங்கிருந்தும் வராத காசு, வரவு. அப்படிப் பத்து வரி சேர்ந்ததும் எதிர்ப்பக்கத்தில் 'இதர 1.00'. ஐம்பது வருஷத்துக்கு முன்பே அவர் தனக்குத்தானே ரசீது அடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒரு ரூபாய் எங்கே போயிற்று என்பதை நோட்டின் அட்டை சொன்னது. பழுப்புக் காகிதம் மடிப்பில் கிழிந்து, உள்ளேயிருந்து சீட்டுகள் சரிந்தன. தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு. 1968-இல், அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கிய திட்டம். சீட்டு ஒரு ரூபாய். மகாமகக் குளக்கரையில் ஒரு கால் ஊனமானவர் மரத்தட்டியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டி விற்பது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வழியாக ஏன் நடந்தார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. சில சாயங்காலங்களில் அவர் வாசகசாலைக்குப் போய்வந்ததும் உலக ஞானத்துக்காக இல்லை. காசு கொடுத்துத் தினசரி வாங்காமல் குலுக்கல் முடிவைப் பார்ப்பதற்காகத்தான்.

ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் பென்சிலால் தேதியும் ஒரே ஒரு சொல்லும்: 'இல்லை'. இருபத்தாறு சீட்டு. இருபத்தாறு 'இல்லை'. அம்மாவுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு டப்பா ஒதுக்கியிருப்பாள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது இருவரும் இல்லை.

சீட்டுகளை அடுக்கி மறுபடி அட்டைக்குள் செருகினேன். பிறகு எதற்கோ சமையலறை இழுப்பறையைத் திறந்து, அந்த மாதத்து ரசீதுகளை எல்லாம் எடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றின் அடிவரியையும் கூட்டினேன். மிச்சம் மட்டும் மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். வங்கிக் கணக்கில் அன்றைக்கு இருந்த தொகை அதைவிடக் குறைவு.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சங்கடப்படுவாள், இரண்டு பேருமாக ஏதாவது ஒரு முடிவுக்கு வரலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டலைச் சரிபார்த்தாள்.

"ஒரே மாசத்துல மூவாயிரத்து நூத்தி நாப்பது மிச்சம் பிடிச்சிருக்கோமா?"

"ரசீது அப்படித்தான் சொல்லுது."

"அப்ப அந்த ஏர் ஃபிரையரை வாங்கிடலாமேங்க. எண்ணெய்ச் செலவு மிச்சம்."

மாலையில் அது வந்து இறங்கியது, டெலிவரி இலவசம். அப்பாவின் நோட்டில் கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள் இருந்தன. தேதி போட்டேன். விலையை எழுதினேன். எந்த இனத்தில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இதர' என்று போட்டேன்.