ஜாஸ் கேட்கும் காது, ஓவியம் பார்க்கும் கண்

ஜாஸ் கேட்கிற என் நண்பர்கள் எல்லோருக்கும் நவீன ஓவியமும் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் ஏதாவது குணப் பொருத்தம் உண்டா? (வாசகர், மதுரை)

உண்டு. உளவியலாளர்கள் ஆளுமையை ஐந்து பெரிய குணங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். புதிய அனுபவத்துக்கு மனம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது அதில் ஒன்று. ரசனை பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது இந்தக் குணம்தான். 2003இல் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களின் இசை விருப்பங்களைத் தொகுத்தபோது ஜாஸ், ப்ளூஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, நாட்டார் இசை நான்கும் ஒரே கொத்தாகச் சேர்ந்தன. அந்தக் கொத்தை விரும்பியவர்களிடம் இந்தக் குணம் தூக்கலாக இருந்தது. அருவ ஓவியத்தை விரும்புகிறவர்களிடமும் அப்படியே என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

ஜாஸில் பழகிய மெட்டு ஒரு நிமிடத்தில் கைநழுவிப் போகும். கலைஞர் மனோதர்மத்தில் இறங்கிவிடுவார். அருவ ஓவியத்தில் முகமும் இல்லை, மரமும் இல்லை. ‘இது எங்கே போகிறது?’ என்ற கேள்விக்கு இரண்டுமே சட்டென்று பதில் தராதவை. பதில் வராதபோது சிலருக்கு எரிச்சல் வருகிறது, சிலருக்கு ஆவல் வருகிறது. பொருத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஜாஸ் பிடிக்காதவர்கள் மனம் மூடியவர்களா? என் கணவரை நினைத்துத்தான் கேட்கிறேன். (வாசகி, சேலம்)

கணவரை விட்டுவிடுங்கள் அம்மா; அவருக்குத் துணையாக ஒரு பெரிய தத்துவவாதியே இருக்கிறார். நவீன இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டு ஐரோப்பா காதைப் பொத்திக்கொண்ட காலத்தில் அதை உயர்த்திப் பிடித்தவர் தியோடர் அடோர்னோ. அவரே 1936இல் ஜாஸைக் கடுமையாகச் சாடிக் கட்டுரை எழுதினார். ஓவியர் பால் க்ளேயைப் பாருங்கள். தூரிகையைத் தொட்டால் புதுமை; வயலினை எடுத்தால் பாக், மொஸார்ட். ஆய்வுகள் சொல்வது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் சாய்வு. உங்கள் வீட்டு மனிதருக்கு ஜாதகம் கணிக்க அது உதவாது.

ஜாஸையும் ஓவியத்தையும் சேர்த்துத் திட்டியவர் யாராவது உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பிலிப் லார்கின். ஹல் நகரத்துப் பல்கலைக்கழக நூலகர், ஆங்கிலத்தின் முக்கியமான கவிஞர். 1961 முதல் பத்து ஆண்டுகள் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் ஜாஸ் விமர்சனம் எழுதினார். லூயி ஆம்ஸ்ட்ராங் என்றால் உயிர், சிட்னி பெஷே என்றால் உயிர். சார்லி பார்க்கர் வந்த பிறகு எல்லாம் கெட்டது என்பது அவர் தீர்ப்பு. அந்த விமர்சனங்களை 1970இல் நூலாக்கியபோது முன்னுரையில் மூன்று பேரைக் கூண்டில் ஏற்றினார்: சாக்ஸஃபோனுக்குப் பார்க்கர், கவிதைக்கு எஸ்ரா பவுண்ட், ஓவியத்துக்குப் பிக்காசோ. ரசிகனின் இன்பத்தை மறந்தவர்கள் என்பது குற்றச்சாட்டு.

தீர்ப்பை நான் ஏற்கவில்லை. பார்க்கரின் வேகத்துக்குள் ப்ளூஸின் துயரம் அப்படியே இருக்கிறது. காது பழகினால் கேட்கும். ஆனால் லார்கினின் கோபத்தை மதிக்கிறேன். ஒரே மனநிலைதான் மூன்று கலைகளிலும் விரும்பவோ வெறுக்கவோ செய்கிறது என்பதை எந்த ஆய்வு வினாப்பட்டியலும் இல்லாமல் தன்னிடமே கண்டு சொன்னவர் அவர். அவர் நேசித்ததெல்லாம் பையனாக இருந்தபோது காதில் விழுந்த இசை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குணம் பாதி, வயது பாதி.

மாண்ட்ரியான் வரைந்ததெல்லாம் கோடும் கட்டமும். வறண்ட மனிதராகத்தான் இருந்திருப்பார், இல்லையா? (வாசகி, கோவை)

நடனப் பிரியர் அம்மா அவர்! 1940இல் நியூயார்க் வந்து இறங்கியவர் பூகி-வூகி என்ற துள்ளல் ப்ளூஸ் பியானோவைக் கேட்டுச் சொக்கிப்போனார். 1942-43இல் வரைந்த ‘பிராட்வே பூகி வூகி’யில் அவருடைய பழைய கறுப்புக் கோடுகளே இல்லை. மஞ்சள் பட்டைகள்மேல் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சதுரங்கள் தாளம் போடுகின்றன.

ஜாக்சன் பொலாக்கிடமும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. சாயத்தைச் சொட்டவிட்டு வரைவதற்குப் பேர்போன அவருடைய ஓவியம் ஒன்று ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ இசைத்தட்டின் உறையில் இடம்பெற்றது. கட்டறுத்த இசையைக் கேட்டுக்கொண்டே வரைந்திருப்பார் என்று தோன்றும். இசைத்தட்டு வந்தது 1961இல்; பொலாக் இறந்தது 1956இல். அவர் விரும்பிக் கேட்டது ஆம்ஸ்ட்ராங், எலிங்டன் காலத்துப் பழைய ஜாஸ்.

வரவேற்பறையில் எந்த ஓவியத்தை மாட்டினால் மரியாதை கிடைக்கும்? (வாசகர், சென்னை)

ரசனை வர்க்கத்தின் அடையாள அட்டை என்று 1979இலேயே பியர் பூர்தியூ ஒரு பெரிய நூல் எழுதிவிட்டார். விருந்தாளி அரை மணி நேரத்தில் போய்விடுவார். அந்தச் சுவரோடு வாழப்போகிறவர் நீங்கள். உங்களுக்குப் பிடித்ததை மாட்டுங்கள்.

பிறவிக் குணம் இப்படி என்றால், ரசனையை வளர்க்கவே முடியாதா? (வாசகி, தஞ்சாவூர்)

முடியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் என்ற பேராசிரியர் தன் வகுப்பில், பாடத்துக்கிடையே, அவ்வளவாகப் புகழ்பெறாத இம்ப்ரெஷனிச ஓவியங்களை அடிக்கடி காட்டிவந்தார். பருவ முடிவில், புகழ்பெற்ற படங்களுக்கு மாணவர்கள் வழக்கமாகக் காட்டும் சலுகை மறைந்துவிட்டது. பழக்கம் விருப்பத்தை வளர்க்கிறது. எதைக் காட்டினாலும் இப்படித்தானா என்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அமெரிக்க ஓவியர் தாமஸ் கின்கேடின் பளபளப்பான குடிசைப் படங்களைப் பார்க்கப் பார்க்க மாணவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. பிரிட்டிஷ் ஓவியர் மிலேயின் படங்களுக்கு அந்தக் கதி வரவில்லை. சரக்கு உள்ள படைப்புதான் மறுபார்வையைத் தாங்குகிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆய்வு இது.

நானும் என் அண்ணனும் ஜாஸ் ரசிகர்கள். ஆனால் ஒரே இசைத்தட்டைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்க முடிவதில்லை! (வாசகர், புதுச்சேரி)

2015இல் டேவிட் க்ரீன்பெர்க் குழுவினர் கண்டது இதுதான். பிறர் மனதை எளிதில் உணர்கிறவர்கள் ஜாஸுக்குள்ளேயும் இதமானதை நாடுகிறார்கள். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் சிக்கலானதை நாடுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம், அண்ணன் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இருவரும் சேர்ந்து கேட்க ஒரு இசைத்தட்டு சொல்கிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் ட்ரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தும் 2016இல் வெளியிட்ட ‘எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்’. பரோடாவில் ஓவியம் கற்பித்த நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை முன்னிறுத்தி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கேட்டு வாங்கிய இசை அது. முதலில் நஸ்ரீனின் கோடுகளை இணையத்தில் தேடிப் பாருங்கள், பிறகு கேளுங்கள். அண்ணனிடம் வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். முடிந்ததும் சண்டை தொடரட்டும். யார் எதைக் கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.