ஏரி பார்த்த வீடு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏரிக்கரையோரம் ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. இறங்கியவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுக்கிறார். மாடு மேய்ப்பவருக்குக்கூடப் புரிந்துவிடும், இன்னொரு இயற்கை வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று.

"ஆகா, மண்வாசனை!" என்பார். அது ஜூஸ் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மாங்கொட்டையின் வாசனை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

நம்மவருக்கு ஐம்பது வயதிருக்கும். இருபது வருடம் சென்னையிலோ பெங்களூரிலோ கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து சம்பாதித்தவர். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதால் சித்தூர்ப் பக்கம் அவருக்கு வசதி. சனிக்கிழமை காலை கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இயற்கையோடு இருக்கலாம். ஞாயிறு திருப்பதியில் ஒரு தரிசனம். திங்கள் ஆபீஸ்.

நிலம் வாங்குவது எப்போதும் டிசம்பரில்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருக்கும். ஏரி ததும்பும், நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும், புரோக்கர் இரண்டு காலிலும் நிற்பார். அட்வான்ஸ் கைமாறும். அஸ்திவாரம் போட மே மாதம் வந்து பார்த்தால் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒரு மூலையில் டிராக்டரில் வண்டல் அள்ளுவார்கள்.

"ஏரி எங்கே மேஸ்திரி?"

"இதான் சார். நீங்க நிக்கிற எடமும் ஏரிதான். ரொம்பிச்சுன்னா தண்ணி அந்தப் புளியமரம் வரைக்கும் வரும். வீட்ட மேட்டுல தள்ளிக் கட்டிக்கலாம் சார்."

"தள்ளிக் கட்டினா இயற்கையோட கனெக்‌ஷன் இருக்காதே, மேஸ்திரி!"

"அந்தக் கனெக்‌ஷன தண்ணியே வந்து குடுத்துட்டுப் போவும் சார்."

மேஸ்திரி சொன்னதைத்தான் ஆந்திரக் கட்டட விதியும் சொல்கிறது. பத்து ஹெக்டேருக்குக் குறையாத ஏரியென்றால் அது நிரம்பி நிற்கும்போது தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டக்கூடாது. 2021 நவம்பர் மழையில் திருப்பதிக்குப் பக்கத்தில், விஜயநகர காலத்து ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டது. கரைக்குக் கீழே இருந்த ஊர்களை அவசர அவசரமாகக் காலி செய்ய வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஏரியோடு வாழ்கிற ஊர்களுக்கே அந்தக் கதி. நம்மவருக்கோ, வராந்தாவில் உட்கார்ந்தபடி காலைத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும்.

அடுத்த கட்டம் சாமான் சேர்ப்பது. சித்தூர் மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்போனது. ஆனால் நம்மவர் வீட்டுக் கல் ராஜஸ்தானிலிருந்து லாரியில் வரும். தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ், தாழ்வாரத்துக்குக் காரைக்குடியில் பழைய வீடு இடித்து எடுத்த தேக்குத் தூண். "செம்மரத்துல ஒரு ஊஞ்சல் கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். சேஷாசல மலையடிவாரத்தில் உரக்கக் கேட்கிற கேள்வியா இது? மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். அரை மணி தூரத்தில் சந்திரகிரி ராஜமகால் இருக்கிறது. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும் வைத்து, மரமே சேர்க்காமல் கட்டிய மூன்று மாடி. ராஜாவுக்குத் தேவைப்படாத தேக்கு நம்மவருக்குத் தேவைப்படுகிறது.

லாரி பேக்கர் பெயரைச் சொல்லாமல் இவரால் பத்து நிமிஷம் பேச முடியாது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், ஏழைக்கும் வீடு வேண்டும் என்று பைசா பைசாவாகச் செலவைக் குறைத்தவர். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். சுவருக்குப் பூச்சும் கிடையாது. நம்மவர் வீட்டில் முதலில் சுவர் எழுப்பி, சிமெண்டால் வழவழவென்று பூசி, அதன்மேல் செங்கல் மாதிரியே இருக்கும் டைல்ஸை ஒட்டினார்கள். "பேக்கர் ஸ்டைல்" என்று வந்தவர்களிடம் தட்டிக் காட்டுகிறார்.

மேற்குப் பக்கம் ஏரி. ஆகவே மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. திருப்பதி மே மாத வெயில் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்ட இரண்டு டன் ஏ.சி. ஏ.சி. போட்டால் ஜன்னலைச் சாத்த வேண்டும். வெயில் கண்ணைக் கூசுகிறதென்று திரையும் இழுத்தாக வேண்டும். ஏரியைப் பார்க்கக் கட்டிய வீட்டில் ஏரிப் பக்கம் திரை போட்டுவிட்டு, டி.வி.யில் காட்டுப் படம் பார்க்கிறார்.

இயற்கை சும்மா இருக்குமா? காலையில் மயில் வந்தது. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, வேறொரு ஆண்மயில் பங்குக்கு வந்துவிட்டதென்று மணிக்கணக்காகக் கொத்தியது. குரங்குகள் வந்து, சோலார் ஹீட்டரின் குழாயைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போயின.

முதல் மழை பெய்த ராத்திரிதான் உச்சம். நண்பர்களுக்கு விருந்து. வீடு முழுக்க மஞ்சள் விளக்கு. நாலு ஊருக்குத் தெரிகிற வெளிச்சம். ஈசல் புற்றிலிருந்து கிளம்பியது. முதலில் பத்து, அப்புறம் பத்தாயிரம். கண்ணாடியில் மோதின, மாதுளை ஜூஸில் மிதந்தன, பிரியாணியில் வெங்காயத் தாளிதம் எது, இறகு எது என்று தெரியவில்லை. நம்மவர் செல்போனில் "ஈசல் ஆர்கானிக் ஸ்ப்ரே" என்று தேடிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் வந்தார். எல்லா விளக்கையும் அணைத்தார். வாசலில் ஒரு விளக்கை ஏற்றி, அடியில் தண்ணீர்த் தாம்பாளம் வைத்தார். கால் மணியில் வீடு காலி. மறுநாள் வாட்ச்மேன் வீட்டில் ஈசல் பொரி.

இயற்கை வீட்டுக்காரர் இனத்துக்கு இங்கே மூதாதை ஒருவர் உண்டு. கடப்பைக் கலெக்டர் ஹார்ஸ்லி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதனப்பள்ளிக்கு அப்பால் நாலாயிரம் அடி உயர மலையில் வீடு கட்டினார். அந்த மலைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. குளிர்ச்சி வேண்டுமென்று அவர் மலையேறினார். நம்மவர் மலையைக் கீழே கொண்டுவந்து தரச்சொல்லி ஆர்க்கிடெக்டிடம் கேட்கிறார்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஏரியோரம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். லுனுகங்கா என்று அதற்குப் பெயர். மரத்தை வெட்டி, குன்றைச் சீவி, பார்வையைத் திருத்தி, 2003-இல் சாகும்வரை அந்தத் தோட்டத்தை முடித்ததாக அவர் நினைக்கவில்லை. அதன் படத்தை நம்மவர் ஆர்க்கிடெக்டிடம் காட்டினார்: "இதே மாதிரி. தை மாசம் கிரகப்பிரவேசம்."

கரண்ட் போகிற ராத்திரிகளில் நம்மவரை வாட்ச்மேன் வீட்டுத் திண்ணையில் பார்க்கலாம். நாட்டு ஓடு, வேப்பமரத்து நிழல், எதிரும் புதிருமாக வாசல், மேட்டில் இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. அந்த வீட்டுக்குப் பிளான் கிடையாது, எலிவேஷன் கிடையாது. கட்டியவர் அதே மேஸ்திரிதான். அங்கே மட்டும் அவர் சொன்னபடி கேட்டிருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் வீடு கட்டும் ஆசை உங்களுக்கும் இருந்தால் தப்பில்லை. ஆர்க்கிடெக்டைப் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீர் எதுவரை வரும் என்று ஊர்க்காரரைக் கேளுங்கள். நிலத்தை டிசம்பரில் பாருங்கள். அட்வான்ஸை மே மாதம் கொடுங்கள்.