கடல்புறா இரண்டாம் பாகம்

எழுபதுகளில் எங்கள் ஊர் லைப்ரரி ஒரு வாடகை வீட்டின் திண்ணையும் முன்னறையும்தான். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகும் வழியில், மாந்தோப்புகளை ஒட்டிய சின்ன ஊர். புத்தகங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். சாண்டில்யனின் 'கடல்புறா' மூன்று பாகங்களில் இரண்டாம் பாகம் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். கடைசிப் பக்கத்துச் சீட்டில் ஊதா மை முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். இடமில்லாமல் போனால் நூலகர் அதன்மேல் புதுச் சீட்டை ஒட்டுவார். மில்லில் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காகக் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், "முழுசாப் படிச்சியாடா? கடைசில என்ன ஆச்சு, சொல்லு பாப்போம்" என்பார். அவருக்குப் பயந்தே நான் கடைசிவரை படித்தேன்.

படிப்பவர்களைத் தேடிப் போனதுதான் நம் நூலக இயக்கம். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான ரங்கநாதன் நூலகத்துக்கான தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அவர் பாடுபட்டதன் பலனாக 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியை இன்றும் கட்டி வருகிறோம்.

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துதோறும் நூலகம் என்றார்கள். நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கும் சொந்தக் கட்டடம், இரும்பு அலமாரி, புத்தம்புதுப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. நாங்கள் ஏங்கிய அத்தனையும் இருக்கிறது, கதவு மட்டும் பல மாதங்களாகப் பூட்டியே கிடக்கிறது. பக்கத்து ஊர்கள் சிலவற்றிலும் இதே கதை. செல்போன் வந்ததால் படிப்பவர்கள் இல்லை என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே பஸ் பிடித்து ராஜபாளையம் லைப்ரரிக்குப் போகிறார்கள், அதுவும் பூட்டிய இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான். மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, வருகிற பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்க ஓர் ஆளைப் போடுங்கள். நாங்கள் கட்டும் வரியில் அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.